கேள்வி – பதில்: பதினெட்டாம் தொகுதி

மந்த வாயுக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். மந்த வாயு, உயரிய வாயு, அரிய வாயு, சடத்துவ வாயு என்று பாடநூலுக்குப் பாடநூல் பெயர் மாறினாலும் எல்லாம் தனிம அட்டவணையின் வலது ஓரத்தில் நிற்கும் அதே தொகுதிதான். ‘அரிய’ என்ற பெயர் மட்டும் அவ்வளவு பொருத்தமில்லை: காற்றில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆர்கான் இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது.

கேள்வி: ஹீலியத்துக்கு இருப்பதே இரண்டு எலக்ட்ரான். அப்படியானால் அது இரண்டாம் தொகுதியில் பெரிலியத்துக்கு மேலேதானே வர வேண்டும்? 18இல் எப்படிக் கொண்டுபோய் வைத்தார்கள்?

பதில்: எலக்ட்ரானை மட்டும் எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஹீலியத்தின் இரண்டும் 1எஸ் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் தங்கும் இடத்துக்கு அந்தப் பெயர், முன்னால் வரும் எண் அது எந்தக் கூடு என்பது), பெரிலியத்தின் வெளி எலக்ட்ரான் இரண்டும் 2எஸ் ஆர்பிட்டாலில். பிரான்சின் சார்லஸ் ஜானே 1928இல் வரைந்த ‘இடது படி’ அட்டவணையில் ஹீலியம் பெரிலியத்தின் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் சரியான இடம் என்று வாதாடும் வேதியியலாளர்கள் இன்றும் உண்டு.

ஆனால் ஒரு எலக்ட்ரானுக்கு அடுத்துப் போக இடம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிலியத்தில் 2எஸ்-க்குக் கொஞ்சம் மேலேயே 2பி காலியாக இருக்கிறது. எலக்ட்ரானை அங்கே தூக்கிவிட்டுப் பிணைப்பு போட்டுக்கொள்ளலாம். ஹீலியத்துக்கு 1பி என்று ஒன்று கிடையாது. அடுத்த படி இரண்டாம் கூட்டில், எட்டாத உயரத்தில். விளைவு எண்களில் தெரியும்: முதல் எலக்ட்ரானைப் பிடுங்க பெரிலியத்துக்கு மோலுக்கு 899 கிலோஜூல் போதும், ஹீலியத்துக்கு 2372 வேண்டும். தனிமங்கள் எல்லாவற்றிலும் அதுவே உச்சம். ஒன்று 1287 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம், மற்றொன்று மைனஸ் 269இல் கொதிக்கும் வாயு. இரண்டையும் ஒரே தொகுதியில் போட்டால் மாணவருக்கு அந்தத் தொகுதி எதைச் சொல்கிறது என்றே புரியாது.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “மந்த வாயுக்களின் வெளிக்கூடு முழுமையாக நிரம்பியிருக்கும்” என்று எழுதுவது ஹீலியத்துக்கும் நியானுக்கும்தான் சரி. ஆர்கானின் மூன்றாம் கூட்டில் 18 எலக்ட்ரானுக்கு இடம் உண்டு, இருப்பது 8. டி ஆர்பிட்டால்கள் காலி. “வெளிக்கூட்டின் எஸ், பி ஆர்பிட்டால்கள் நிரம்பியவை, ஹீலியத்தில் எஸ் மட்டும்” என்று எழுதினால் யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

கேள்வி: கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்குக்கூட இடம் விட்டு வைத்த மெண்டலீவ், ஒரு தொகுதியையே எப்படிக் கோட்டை விட்டார்?

பதில்: ஒரு தொகுதியில் மேலும் கீழும் ஆள் இருந்து நடுவில் ஒருவர் இல்லையென்றால் வெற்றிடம் கண்ணில் படும். காலியம், ஜெர்மானியம் எல்லாம் அப்படி முன்னறிந்தவை. வரிசையாக ஒரு தொகுதியே இல்லையென்றால் அட்டவணையில் ஓட்டையே தெரியாது. குளோரினுக்கு அடுத்து பொட்டாசியம், புரோமினுக்கு அடுத்து ருபிடியம் என்று பிசிறில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

விஷயம் வெளியே வந்தது எடைக்கல் வழியாக. காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்தது 1.2505 கிராம். வித்தியாசம் அரை சதவீதம். பலர் இதைச் சோதனைப் பிழை என்று தள்ளியிருப்பார்கள். அளந்து பார்த்த இயற்பியலாளர் ராலே பிரபு தள்ளவில்லை. இன்றைய அளவுகளை வைத்து நீங்களே சரிபார்க்கலாம். ஆக்சிஜன் போன பின் மீதமிருக்கும் காற்றில் ஆர்கான் சுமார் 1.2 சதவீதம், அதன் அடர்த்தி லிட்டருக்கு 1.784 கிராம். நைட்ரஜனோடு கலந்து கணக்குப் போட்டால் 1.2568 வரும். ராலே கண்டதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

வில்லியம் ராம்சே அந்த நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜன் மக்னீசியம் நைட்ரைடாகப் போய்விட, எதனோடும் சேராத ஒரு மிச்சம் தங்கியது. 1894இல் ஆர்கான் அறிவிக்கப்பட்டது. உண்மையில் 1785லேயே கேவண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சிப் பாய்ச்சி, கடைசிவரை கரையாத ஒரு குமிழி நிற்பதைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். அதன் அளவு எடுத்த நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்றும் எழுதினார். நூறாண்டுக்கு மேல் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெண்டலீவ் முதலில் ஆர்கானைத் தனிமம் என்றே ஏற்கவில்லை. மூன்று நைட்ரஜன் அணு சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்றார். 1895இல் ராம்சே கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்திலிருந்து ஹீலியத்தைப் பிரித்தார். 1898இல் அவரும் டிராவர்ஸும் கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் திரவக் காற்றிலிருந்து எடுத்தார்கள். அதன் பிறகு மறுக்க வழியில்லை. இணைதிறன் சுழி என்பதால் ‘சுழியத் தொகுதி’ என்று பெயரிட்டு மெண்டலீவே அட்டவணையில் சேர்த்துக்கொண்டார். 18 என்ற எண் பிற்பாடு வந்தது.

கேள்வி: ஆர்கானின் அணு நிறை 39.95, பொட்டாசியத்தின் அணு நிறை 39.10. கனமானது எப்படி முன்னால் வருகிறது?

பதில்: 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து, அட்டவணையின் வரிசையைத் தீர்மானிப்பது நிறை அல்ல, அணு எண்தான் என்று காட்டிவிட்டார். ஆர்கான் 18, பொட்டாசியம் 19. பாடநூல் பதில் இத்துடன் முடிந்துவிடும்.

சுவாரசியம் இதற்குப் பிறகுதான். ஆர்கான் ஏன் இவ்வளவு கனம்? நாம் சுவாசிக்கும் ஆர்கானில் 99.6 சதவீதம் ஆர்கான்-40. அது வந்த வழி பொட்டாசியம்! பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40, 125 கோடி ஆண்டு அரை ஆயுளோடு மெல்லச் சிதைகிறது. பெரும்பகுதி கால்சியம்-40 ஆகிறது. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஒரு எலக்ட்ரானை உட்கருவுக்குள் இழுத்துக்கொண்டு ஆர்கான்-40 ஆகி, பாறையிலிருந்து கசிந்து காற்றில் சேர்கிறது. சூரியனில் உள்ள ஆர்கான் பெரும்பாலும் ஆர்கான்-36. பூமியிலும் அப்படியே இருந்திருந்தால் ஆர்கான் பொட்டாசியத்தைவிட இலேசாக இருந்திருக்கும், உங்கள் கேள்வியே எழுந்திருக்காது. எரிமலைப் பாறைகளின் வயதைக் கணிக்கும் பொட்டாசியம்–ஆர்கான் முறைக்கு அடிப்படையும் இதே சிதைவுதான்.

கேள்வி: எதனோடும் சேராது என்கிறீர்கள். பிறகு செனான் புளூரைடு எங்கிருந்து வந்தது?

பதில்: ‘எதனோடும் சேராது’ என்பது 1962 வரை. நீல் பார்ட்லெட் பிளாட்டினம் ஹெக்ஸாபுளூரைடு என்ற செந்நிற ஆவியை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அது ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கும் அளவுக்கு முரடு. ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1175 கிலோஜூல். அட்டவணையைப் புரட்டினால் செனானுக்கு 1170! ஆக்சிஜனிடம் பிடுங்க முடிந்தால் செனானிடமும் முடிய வேண்டும். அறை வெப்பநிலையில் இரண்டையும் கலந்தார். ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் திண்மம் படிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, தொகுதியில் கீழே இறங்க இறங்க அந்த எண் குறைவதுதான்: ஹீலியம் 2372, நியான் 2081, ஆர்கான் 1521, கிரிப்டான் 1351, செனான் 1170, ரேடான் 1037. அணு பெரிதாகும்போது வெளி எலக்ட்ரானின் மேல் உட்கருவின் பிடி தளர்கிறது. அதனால் செனானுக்கு இரண்டு, நான்கு, ஆறு புளூரின் கொண்ட சேர்மங்கள் உண்டு, ஆக்சைடுகளும் உண்டு. செனான் டைபுளூரைடு கிடைக்க, இரு வாயுக்களையும் ஈரமில்லாத கண்ணாடிக் குடுவையில் அடைத்து வெயிலில் வைத்தாலே போதும். (ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் புளூரைடு உண்டாகிக் கண்ணாடியையே அரிக்கும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நினைத்தும் பார்க்கக் கூடாத வேலை.) கிரிப்டான் டைபுளூரைடு இருக்கிறது, ஆனால் நிலையற்றது. ஆர்கான் 2000ஆம் ஆண்டில், அதுவும் கடுங்குளிரில் மட்டும் பிடிகொடுத்தது. ஹீலியத்தைச் சோடியத்தோடு ஒரே படிகத்தில் உட்கார வைக்க 11 லட்சம் வளிமண்டல அழுத்தம் தேவைப்பட்டது. அங்கேயும் அது கூட இருக்கிறதே தவிர கை கோக்கவில்லை. நியானுக்கு நிலையான நடுநிலைச் சேர்மம் இன்றுவரை இல்லை.

கேள்வி: எல்லாம் காற்றில்தானே இருக்கின்றன? ஆர்கான் மலிவு, செனான் யானை விலை. ஏன்?

பதில்: ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்றை எடுங்கள். அதில் ஆர்கான் 9.3 லிட்டர், நியான் 18 மில்லிலிட்டர், ஹீலியம் 5, கிரிப்டான் ஒன்றுக்குச் சற்று மேல், செனான் 0.09 மில்லிலிட்டர், அதாவது இரண்டு சொட்டுத் தண்ணீர் அளவு. விலைப் பட்டியலின் பெரும்பகுதி இதிலேயே இருக்கிறது.

காற்றைத் திரவமாக்கிக் கொதிநிலை வாரியாகப் பிரிக்கும் ஆலையில் நைட்ரஜன் மைனஸ் 196இல் மேலே போய்விடும். ஆர்கான் மைனஸ் 186, ஆக்சிஜன் மைனஸ் 183: மூன்று டிகிரிகூட இடைவெளி இல்லாததால் ஆர்கானுக்குத் தனிக் கோபுரம் வைக்க வேண்டும். கிரிப்டானும் செனானும் அடியில் திரவ ஆக்சிஜனோடு தங்கும். ஹீலியத்தை மட்டும் காற்றிலிருந்து எடுப்பது கட்டுப்படியாகாது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்களே ஹீலியம் உட்கருக்கள். அவை இயற்கை எரிவாயு வயல்களில் தேங்கியிருக்கும். அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

கேள்வி: டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி, ஆர்கான் போர்வையில் பற்றவைக்கும் முறை) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் பற்றவைக்கிறேன். மேலே சுத்தமாக இருக்கிறது, உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடுகிறது. ஆர்கானை 20 லிட்டருக்கு ஏற்றினேன். இப்போது மேலேயும் ஊசித் துளைகள். கேஸ் சரியில்லையா?

பதில்: கேஸ் மேல் பழி போடுவதற்கு முன், இவை இரண்டு வேறு கோளாறுகள் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்த துளைகள் நீங்களே வரவழைத்தவை. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று ஒரு சாதாரண கப்பில் (டார்ச்சின் முனையில் கேஸ் வெளிவரும் வாய்) தள்ளினால் ஆர்கான் சீராக இறங்காமல் சுழன்று பாயும். சுழலும்போது பக்கத்துக் காற்றையும் உள்ளே இழுக்கும். 6, 7, 8ஆம் எண் கப்புக்கு 7 முதல் 12 லிட்டர் போதும். கப்பின் எண் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 8 என்றால் அரை அங்குல வாய். அதைவிட அதிகம் வேண்டுமென்றால் பெரிய கப்போ, கேஸைச் சீராக இறக்கும் வலை வைத்த கேஸ் லென்ஸோ போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். டங்ஸ்டன் ராடு கப்புக்கு வெளியே ரொம்ப நீண்டிருக்கிறதா, அருகில் மின்விசிறி ஓடுகிறதா என்றும் பாருங்கள். வேலை முடிந்து ஆர்க் அணைந்த பிறகு, 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கில் கேஸ் ஓட வேண்டும். 90 ஆம்பியரில் வேலை செய்தால் 9 விநாடி டார்ச்சை நகர்த்தாமல் பிடியுங்கள். டங்ஸ்டன் வெள்ளி போல் பளபளத்தால் சரி. நீலமோ கறுப்போ என்றால் காற்று பட்டிருக்கிறது. ஆர்க் தொடங்கிய உடனேயே டங்ஸ்டன் எரிந்து பூத்துப்போனால் சிலிண்டரைப் பாருங்கள்: மிக் வெல்டிங்குக்கான ஆர்கான்–கார்பன் டை ஆக்சைடு கலவையை மாற்றி மாட்டியிருக்கலாம்.

உள்பக்கம் கருகுவதற்கு டார்ச் கேஸால் ஒன்றும் செய்ய முடியாது. பைப்புக்குள் இருக்கும் காற்று, உருகிய உலோகத்தின் முதுகில் பட்டுக் குரோமியத்தை ஆக்சைடாக்குகிறது. உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். இரண்டு முனைகளையும் அடைத்து, ஒரு முனையில் அடிப்பக்கமாக ஆர்கானை விடுங்கள். அது காற்றைவிட 1.38 மடங்கு கனம் என்பதால் கீழே படிந்து காற்றை மேலே தள்ளும். எதிர் முனையில் மேல்பக்கம் ஒரு சிறு துளை. இணைப்பின் இடைவெளியை டேப் போட்டு மூடி, பற்றவைக்கப் பற்றவைக்கக் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போங்கள். 100 மில்லிமீட்டர் உள்விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்றால் கொள்ளளவு சுமார் 8 லிட்டர். அதைப்போல் பத்து மடங்கு ஆர்கான் போக வேண்டும்: 10 லிட்டர் வேகத்தில் 8 நிமிடம். அவசரப்பட்டு மூன்றாவது நிமிடத்தில் ஆர்க் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். பிறகு வேகத்தை 3 முதல் 5 லிட்டராகக் குறைத்து, இரண்டாம் பாஸ் (இணைப்பின் மேல் இரண்டாம் சுற்றுப் பற்றவைப்பு) முடியும்வரை நிறுத்தாதீர்கள். வெளியேறும் துளையை மட்டும் அடைத்துவிடக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி, கடைசி அங்குலத்தில் உருகிய உலோகத்தை உங்கள் முகத்தைப் பார்த்துத் தள்ளும். முடித்தபின் உள்ளே வெள்ளி அல்லது வைக்கோல் நிறம் இருந்தால் திருப்தி. சாம்பல் கறுப்பாகப் பொரிந்திருந்தால் வெட்டி எடுத்துத் திரும்பச் செய்வதுதான் வழி.

சிலிண்டர் கணக்கும் சொல்லிவிடுகிறோம். 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் என்றால் சுமார் 7000 லிட்டர். 10 லிட்டர் வேகத்தில் பதினொன்றரை மணி நேரம். உள்ளே இருப்பது வாயுவேயன்றித் திரவமல்ல என்பதால் முள் பாதிக்கு வந்தால் கேஸும் பாதி. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் இந்தக் கணக்கு செல்லாது. அதில் திரவம் தீரும்வரை முள் அசையாது. தடித்த அலுமினியத்துக்கு ஹீலியம் மாட்டினால் இன்னொன்று: ஆர்கானுக்கு அளவிட்ட குழாய் மீட்டரில் 5 என்று காட்டினால் உண்மையில் போவது கிட்டத்தட்ட 16 லிட்டர். ஹீலியத்தின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு, ஓட்டம் பத்தின் வர்க்கமூலம் மடங்கு.

கேள்வி: ஆர்கான் விஷமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் பள்ளத்திலும் தொட்டியிலும் இறங்க அத்தனை கட்டுப்பாடு?

பதில்: விஷமில்லைதான். ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அது போதும். நமக்கு மூச்சுத் திணறல் உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவல்ல, உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வது. ஆர்கானைச் சுவாசிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிவிடும். அதனால் இருமல், தவிப்பு, நாற்றம் எதுவும் எச்சரிக்காது. ஆக்சிஜனே இல்லாத இடத்தில் இரண்டு மூச்சில் நினைவு தப்பலாம். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே விழுவதுதான் இத்தகைய விபத்துகளின் வழக்கமான இரண்டாம் காட்சி. இறங்குமுன் மீட்டரை இறக்கி அடியில், நடுவில், மேலே அளந்து பாருங்கள், 19.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இறங்க வேண்டாம். காற்றோட்டக் குழாயின் வாய் அடித்தளத்தில் இருக்கட்டும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீயை விருந்துக்கு அழைப்பது. திரவ ஆர்கான் ஒரு லிட்டர் சிந்தினால் 800 லிட்டருக்கு மேல் வாயுவாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஹீலியம் பலூன் இரவோடு இரவாகத் தரைக்கு வந்துவிடுகிறதே? எத்தனை பலூன் கட்டினால் ஒரு குழந்தையைத் தூக்கும்?

பதில்: ரப்பர் என்பது ஹீலியத்துக்குச் சல்லடை. தனி அணுவாகத் திரிகிறது, உருவமும் சிறிது. ரப்பரின் சங்கிலிகளுக்கிடையே புகுந்து போய்விடும். முடிச்சை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. உலோகப் பூச்சுள்ள பலூன் நாள்கணக்கில் தாங்கும்.

28 சென்டிமீட்டர் உருண்டை என்றால் உள்ளே பதினொன்றரை லிட்டர். ஒரு லிட்டர் ஹீலியம் தூக்குவது ஏறக்குறைய ஒரு கிராம். பலூனின் சொந்த எடை 3 கிராம் போனால் மிச்சம் எட்டரை. 20 கிலோ குழந்தைக்கு 2350 பலூன், கயிற்றின் எடை தனி. குரல் மாறும் வேடிக்கைக்காகச் சிலிண்டரில் நேரடியாக வாய் வைப்பது நுரையீரலைக் கிழித்துவிடும். அதை யாரையும் செய்ய விடாதீர்கள்.

கேள்வி: நியான் விளக்கு எத்தனை நிறத்தில் எரியும்?

பதில்: ஒன்றே ஒன்று: செம்மஞ்சள். நீலமாக எரிவது பெரும்பாலும் ஆர்கானும் ஒரு துளி பாதரசமும். பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பெல்லாம் குழாயின் உட்பூச்சோ வண்ணக் கண்ணாடியோ செய்யும் வேலை. குளிரில் நீல விளக்குகள் மங்கினால் பாதரசம் சரியாக ஆவியாகவில்லை என்று பொருள்.

கேள்வி: ரேடானும் மந்த வாயுதானே, அதற்கு மட்டும் ஏன் பயப்படுகிறார்கள்?

பதில்: மந்தமாக இருப்பதுதான் அதைப் பாறையிலிருந்து வீடு வரை கொண்டுவருகிறது. யுரேனியம் சிதையும் வழியில் வரும் மற்ற தனிமங்கள் திண்மங்கள், மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். ரேடான் எதிலும் ஒட்டாமல் தரை விரிசல் வழியே மேலே வரும். ரேடான்-222இன் அரை ஆயுள் 3.8 நாள். சிதைந்ததும் பொலோனியமாகி மந்தத்தன்மையை இழக்கிறது. தூசியில் ஏறி, நுரையீரலில் ஒட்டி, ஆல்ஃபா கதிரை அங்கேயே விடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல். அளந்து அதிகமிருந்தால் விரிசலை அடைப்பது மட்டும் போதாது. தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாய் இழுத்து, விசிறி வைத்துக் கூரைக்கு மேலே வெளியேற்றுவதுதான் பலன் தரும்.

கேள்வி: நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான், ஓகானெசான்... ஹீலியம் மட்டும் ஏன் ‘இயம்’ என்று முடிகிறது?

பதில்: அதற்குப் பெயர் வைத்தபோது பூமியில் யாரும் அதைத் தொட்டதில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து ஆராய்ந்த ஜான்சென், சூரியத் தழல்களின் ஒளிக்கோடுகளைக் கிரகணம் இல்லாதபோதும் பார்க்கலாம் என்று கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்யர், சோடியத்தின் இரட்டைக் கோடுகளுக்குப் பக்கத்தில், ஆனால் அவற்றோடு பொருந்தாமல் நிற்கும் ஒரு மஞ்சள் கோட்டை அளந்தார். புதுத் தனிமம் என்று முடிவானது. உலோகமாக இருக்கும் என்ற எண்ணத்தில் சோடியம், கால்சியம் போல ‘இயம்’ சேர்த்தார்கள். ராம்சே 27 ஆண்டு கழித்து அதை வாயுவாகக் குடுவையில் பிடித்தபோது பெயர் ஊன்றிப் போயிருந்தது.